மருகன் என்னும் சொல்

முருகப்பெருமானைத் திருமாலின் மருகன் என்று போற்றுவது தமிழ்ப் பக்தி இலக்கியத்தின் நெடுநாள் வழக்கு. உமையம்மை திருமாலின் தங்கை. ஆதலின் அவள் மகன் திருமாலுக்கு மருகன். இது ஒரு பொருள். கச்சியப்பரின் கந்தபுராணம் தெய்வயானையையும் வள்ளியையும் முன்பு திருமாலின் மகளிராய் இருந்தவர்களாகக் காட்டுகிறது. ஆதலின் அவர்களை மணந்தவன் திருமாலுக்கு மருகன். இது மற்றொரு பொருள். உடன்பிறந்தாளின் மகன், மகளின் கணவன் என்னும் இரண்டையும் ஒரே சொல் தாங்கி நிற்பதைத் தமிழர் எவரும் வியந்து நோக்குவதில்லை. இருவரும் ஒருவராகவே இருத்தல் கூடும், இருந்தால் நன்று என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியுள்ளது. மாமன் என்னும் சொல்லும் அத்தகையதே. தாயின் உடன்பிறந்தான், மனைவியின் தந்தை, கணவனின் தந்தை ஆகிய மூவருக்கும் அது பொது.

பேச்சுத் தமிழில் நாள்தோறும் புழங்கும் இந்தச் சிறு செய்தி, குடும்பம் எவ்வாறு தோன்றியது, திருமணம் எதன் பொருட்டு நிகழ்கிறது, குழந்தை எவர் அன்பில் எவர் அச்சத்தில் வளர்கிறது என்னும் வினாக்களுக்கு மேலைநாட்டு அறிஞர் கண்ட விடைகள் பலவற்றுக்கு அடிப்படையாயிற்று. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் அந்த விவாதத்தில் தமிழ்ச் சொற்கள் சான்றுகளாக நிறுத்தப்பட்டன. அவற்றைச் சொல்லி வளர்ந்தவர்கள், அவர்களிலும் பெண்கள், விவாதத்துக்குள் அழைக்கப்பட நெடுங்காலம் ஆயிற்று.

தொடக்கம் தமிழகத்தில் இல்லை. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் வழக்கறிஞராக இருந்த லூயி ஹென்றி மார்கன் (1818–1881), செவ்விந்தியர் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட பழங்குடி மக்களிடம் ஈடுபாடு கொண்டவர். இரோக்குவா கூட்டமைப்பைப் பற்றி 1851இல் அவர் வெளியிட்ட நூல், செனகா இனத்தவரான ஈலி பார்க்கரின் துணையோடு உருவானது. அம்மக்கள் தந்தையின் உடன்பிறந்தானையும் தந்தை என்றே அழைத்தனர். தாயின் உடன்பிறந்தாளையும் தாய் என்றே அழைத்தனர். அவர்தம் மக்களை உடன்பிறந்தாராகவே கொண்டனர். தந்தையின் உடன்பிறந்தாளையும் தாயின் உடன்பிறந்தானையும் மட்டும் வேறு சொற்களால் பிரித்துக் காட்டினர். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா என்று சொல்லி வளர்ந்தவர்க்கு இதில் வியப்பேதும் இல்லை. மார்கனுக்கோ இது பெரும்புதிர். 1858இல் மிச்சிகன் மாநிலத்து மார்க்வெட்டில் ஒஜிப்வா மக்களிடமும் இதே அமைப்பைக் கண்டபோது, மொழி வேறாகியும் முறை ஒன்றாக இருப்பதன் காரணம் என்ன என்று அவர் தேடத் தொடங்கினார். அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவராயின் அதன் தடயம் ஆசிய மக்களின் உறவுச் சொற்களில் இருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு.

மறுஆண்டே விடை கிடைத்தது. ஆர்க்காட்டு மிஷனில் தொண்டாற்றிய ஸ்கடர் குடும்பத்துப் பாதிரியார் வழியாகத் தமிழ், தெலுங்கு உறவுச் சொற்களின் விவரம் அவரை அடைந்தது. (பின்னாளில் வேலூரில் மருத்துவமனை கண்ட ஐடா ஸ்கடர் பிறந்த குடும்பம் இதுவே.) கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்து அப்போது மூன்றாண்டே ஆகியிருந்தது. தென்மொழிகள் ஒரு தனிக்குடும்பம் என்று எல்லிஸ் 1816இல் எழுதியதையும் கால்டுவெல் 1856இல் விரித்துரைத்ததையும் தமிழுலகம் நன்கறியும். அதே தமிழ், அதே தலைமுறையில், கடல்கடந்த ஊரொன்றில் வேறொரு துறைக்கும் கால்கோளாயிற்று என்பது அத்துணை அறியப்படாத செய்தி. உறவுமுறை ஆய்வு என்னும் அத்துறையின் பிறப்பை விரிவாக எழுதிய தாமஸ் டிரவுட்மனே எல்லிஸின் பணியையும் ஆராய்ந்து தனிநூல் எழுதினார் என்பது பொருத்தமாக அமைந்துவிட்டது.

இருநூறுக்கு மேற்பட்ட உறவுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் உம் ஊரில் என்ன சொல் என்று கேட்கும் வினாநிரலை மார்கன் அச்சிட்டார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆதரவோடு 1860 முதல் அது உலகெங்கும் இருந்த பாதிரியார்களுக்கும் தூதர்களுக்கும் சென்றது. அவரும் மேற்கு ஆற்றுப்படுகைகளில் அலைந்து சொற்களைத் திரட்டினார். 1862இல் மிசௌரி ஆற்றில் அவர் பயணம் செய்துகொண்டிருந்தபோது வீட்டில் செங்காய்ச்சல் கண்டு அவருடைய இரு பெண்குழந்தைகளும் இறந்தனர். பிறர் தம் மகளை எச்சொல்லால் அழைக்கின்றனர் என்று கேட்டுத் திரிந்த தந்தைக்குத் தம் மகளிரின் இறுதிக்காலத்தில் அருகிருக்க வாய்க்கவில்லை. அவர் விட்டுச்சென்ற செல்வம் அம்மகளிரின் நினைவாகப் பெண்களின் உயர்கல்விக்கென்று ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இரத்த உறவு, மணஉறவு ஆகியவற்றின் அமைப்புகள் பற்றிய அவருடைய பெருநூல் 1871இல் வெளிவந்தது.

இங்கே ஒரு முரண். மார்கன் 1851இல் மணந்துகொண்ட மேரி எலிசபெத் ஸ்டீல் அவருக்கு உறவுப்பெண். மார்கனின் தாய் பிறந்ததும் ஸ்டீல் குடும்பத்திலேயே. தமிழ்க் கண்ணுக்கு இது மாமன் வீட்டுச் சம்பந்தம் போலத் தோன்றும். ஆனால் உறவுப்பெண்ணை மணந்த அவ்வறிஞருக்கு, மாமன் என்ற சொல் ஏன் பெண் கொடுத்தவனையும் குறிக்கிறது என்பதன் காரணம் தம் வீட்டிலேயே இருப்பது புலப்படவில்லை. அவர் தொல்பழங்காலத்துக்குச் சென்றார். உடன்பிறந்தார் பலர் கூடி மனைவியரைப் பொதுவில் கொண்ட காலம் ஒன்று இருந்தது. அதனாலேயே தந்தையின் உடன்பிறந்தாரெல்லாம் தந்தையராயினர். அவ்வழக்கம் மறைந்தபின்னும் சொல் எஞ்சி நிற்கிறது என்பது அவர் கண்ட முடிபு. 1877இல் வெளிவந்த ‘பண்டைய சமூகம்’ இதனை மனிதகுல வரலாறாகவே விரித்தது. மார்க்ஸ் அந்நூலைப் படித்துக் குறிப்பெடுத்தார். அவர் மறைந்தபின் எங்கெல்ஸ் 1884இல் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றி எழுதிய நூலில், தென்னிந்தியத் தமிழரும் நியூயார்க் மாநிலத்துச் செனகா மக்களும் இருநூறுக்கு மேற்பட்ட உறவுகளை ஒரே வகையில் சொல்கின்றனர் என்ற செய்தி இடம்பெற்றது. தமிழில் பொதுவுடைமை நூல்களைப் பயின்ற தலைமுறைகள் தம் வீட்டுச் சொற்களைப் பற்றிய இவ்வரியைக் கடந்தே சென்றிருப்பர்.

சித்தப்பா என்று ஒரு குழந்தை அழைக்கும்போது அதன் வாயில் கூட்டுமணக் காலத்தின் எச்சம் ஒலிக்கிறது என்ற இக்கொள்கை இன்று எவராலும் ஏற்கப்படுவதில்லை. சொல்லைப் புதைபடிவமாகக் கொண்டதே அதன் பிழை. வாழும் வீட்டை அது அருங்காட்சியகத்தின் ஓர் அறையாக்கிற்று. செனகா முறையும் தமிழ்முறையும் ஒன்றே என்ற அடித்தளமும் பின்னர் அசைந்தது. 1964இல் லவுன்ஸ்பரி என்னும் மொழியியலார் இரண்டும் தொலைவான உறவுகளில் பிரிந்து செல்வதைக் காட்டினார். தந்தையின் அத்தைமகன் எனக்கு என்ன முறை என்று ஒரு தமிழ்ச் சிறுவனைக் கேட்டால், அப்பாவுக்கு மச்சான், ஆகவே எனக்கு மாமா என்று தயங்காமல் சொல்வான். செனகா முறையில் அவர் தந்தை முறையே ஆவார். தமிழ்ச் சிறுவனின் விடைக்குள் ஒரு முழுக் கணக்கு இருக்கிறது. மணம் கொள்ளத்தக்கோர், தகாதோர் என்று உலகையே இருகூறாக்கும் கணக்கு. முறை என்ற ஒரே சொல் உறவையும் ஒழுங்கையும் நீதியையும் சேர்த்துக் குறிப்பது தற்செயல் அன்று.

அக்கணக்கை முதலில் தெளிவாகக் கண்டவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். மருத்துவராகவும் உளவியலாராகவும் பயின்ற அவர் 1901–02இல் நீலகிரியில் தோடர்களிடையே தங்கி ஆய்ந்தார். அவருடைய நூல் 1906இல் வெளிவந்தது. உடன்பிறந்தார் பலர் ஒருத்தியை மணக்கும் வழக்கம் அன்று தோடர்களிடையே இருந்தது. கருவுற்ற பெண்ணுக்கு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கைச் செய்தவனே குழந்தைக்குத் தந்தை எனப்பட்டான். தந்தைமை என்பது இயற்கை தருவது மட்டுமன்று, சமூகம் அறிவிப்பதும் ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. இந்தியாவில் மாமன் மகள், அத்தை மகள் மணம் பற்றி 1907இல் கட்டுரை எழுதிய ரிவர்ஸ், 1914இல் அச்சான தம் சொற்பொழிவுகளில், மாமனும் மாமனாரும் ஒரே சொல்லால் வழங்கப்படுவதற்குக் காரணம் தொல்காலக் கூட்டுமணம் அன்று, கண்முன் நிகழும் முறைமணமே என்று நிறுவினார்.

அதற்கு ஐந்தாண்டு முன்னரே எதிர்க்குரல் எழுந்திருந்தது. அமெரிக்க அறிஞர் குரோபர் 1909இல், உறவுச் சொற்கள் காட்டுவது சமூக அமைப்பையன்று, மனம் பொருள்களை வகைப்படுத்தும் பாங்கையே என்று எழுதினார். சமூகவியலா, உளவியலா என்ற வழக்கு இவ்வாறு தொடங்கிற்று. இதில் சுவையானது வாதிகளின் வாழ்க்கை. உளவியலைக் கற்ற ரிவர்ஸ் சமூகத்தின் பக்கம் நின்றார். மனத்தின் பக்கம் நின்ற குரோபர் பிற்காலத்தில் சில ஆண்டுகள் உளப்பகுப்பாய்வு மருத்துவமே செய்தார். ரிவர்ஸும் முதல் உலகப்போரின்போது மனமருத்துவத்துக்குத் திரும்பினார். 1917இல் ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் போர்க்கவிஞர் சீக்ஃபிரீட் சசூன் ஒருவர். தந்தையை இளமையிலேயே இழந்த சசூன் ரிவர்ஸைத் தந்தையின் இடத்தில் வைத்துப் போற்றினார். தந்தைமை சடங்கால் அமைவது என்று நீலகிரியில் கண்டு எழுதியவர்க்கு இப்படியும் ஒரு மகன் வாய்த்தான்.

இருபதுகளில் விவாதம் தாய்மாமனைச் சுற்றியே சுழன்றது. ராட்கிளிஃப்-பிரவுன் 1924இல் தென்னாப்பிரிக்கத் தாய்மாமனைப் பற்றி எழுதினார். தந்தை கண்டிப்பவன், மாமன் செல்லம் கொடுப்பவன், தாயிடம் கொண்ட அன்பே அவள் உடன்பிறந்தானுக்கும் நீள்கிறது என்றார். மாலினோவ்ஸ்கியோ டிரோபிரியாண்டுத் தீவுகளில் இதன் தலைகீழைக் கண்டார். அங்கே தாய்வழி உரிமை. கண்டிப்பவன் மாமன், விளையாட்டுத் தோழன் தந்தை. மகனுக்குத் தந்தையின்மேல் உள்ளூரப் பகை உண்டு என்ற ஃபிராய்டின் கொள்கை எல்லா நாட்டுக்கும் பொதுவாகாது, அப்பகை அதிகாரம் இருக்கும் இடத்தைத் தேடிச் செல்லும் என்று அவர் 1927இல் வாதிட்டார். ஃபிராய்டின் மாணவர் எர்னஸ்ட் ஜோன்ஸ் அதனை ஏற்கவில்லை.

இவ்விருவகை மாமனையும் காணத் தமிழர் கடல் கடக்க வேண்டியதில்லை. சீர் கொண்டுவரும் மாமன் எல்லா ஊரிலும் உண்டு. அதிகாரம் செலுத்தும் மாமன் நாஞ்சில் நாட்டில் இருந்தான். அங்கு வேளாளரிடையே மருமக்கள்வழி உரிமை நிலவியது. காரணவரின் சொத்து அவர் பெற்ற மக்களைச் சேராமல் உடன்பிறந்தாளின் மக்களைச் சேரும். மருகன் என்ற சொல் அங்கே வாரிசு என்றும் பொருள்பட்டது. அம்முறையில் மனைவியும் மக்களும் படும் பாட்டைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் நூலில் எள்ளலும் துயரமும் இழையப் பாடினார். கதையைச் சொல்பவள் காரணவரின் ஐந்தாம் மனைவி. திருவிதாங்கூரில் 1926இல் வந்த நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் அம்முறையின் முடிவுக்கு வழிகோலியது. மாலினோவ்ஸ்கி தந்தை–மகன்–மாமன் என்னும் மூன்று ஆண்களைப் பற்றி எழுதினார். கவிமணியோ அதே அமைப்பில் பேச இடமின்றி நின்ற நான்காமவளின் வாயைத் திறந்தார். ஆய்வுலகம் வந்துசேர வேண்டிய இடத்துக்குக் கவிதை முன்னரே வந்துவிட்டது.

1949இல் லெவி-ஸ்ட்ராஸ் உறவுமுறையின் அடிப்படை அமைப்புகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். திருமணம் என்பது குழுக்களுக்கிடையே நிகழும் கொடுக்கல் வாங்கல். கொடுக்கப்படுவோர் பெண்கள் என்பது அதன் உட்கரு. ஹோமன்ஸ், ஷ்னைடர் என்னும் இருவர் 1955இல் இதனை மறுத்து, கட்டுப்பாடு மிக்க தந்தையின் வீட்டிலிருந்து அன்பு மிக்க மாமன் வீட்டுக்கு அடிக்கடி செல்லும் சிறுவன் அங்கிருக்கும் பெண்ணை விரும்புகிறான், மாமன் மகள் மணத்துக்கு வேர் அந்த உணர்ச்சியே என்றனர். ரோட்னி நீடம் 1962இல் இவர்களைக் கடுமையாகத் தாக்கி, தனிமனித உணர்ச்சியால் சமூக அமைப்பை விளக்க இயலாது என்றார். அமைப்பா, உணர்ச்சியா என்ற இவ்விவாதம் பல்கலைக்கழகங்களைப் பல்லாண்டு ஆட்கொண்டது. சிறுவன் விரும்புகிறான் என்றனர் ஒரு சாரார்; குழு கொடுக்கிறது என்றனர் மறு சாரார். அப்பெண் என்ன நினைக்கிறாள் என்ற வினா இருபுறத்திலும் எழவில்லை.

தமிழகத்து முறையை அதன் மண்ணிலேயே இருந்து நுணுகிக் கண்டவர் பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியில் போர்க்கைதியாக இருந்த காலத்தில் வடமொழி கற்ற அவர், 1949, 1950ஆம் ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே ஆய்வு செய்தார். 1953இல் அவர் எழுதிய குறுங்கட்டுரை, திராவிட உறவுச் சொற்கள் திருமணத்தின் வெளிப்பாடே என்று தலைப்பிலேயே அறிவித்தது. மாமன் முதலில் தாயின் உடன்பிறந்தான் அல்லன். தந்தையின் மச்சான் என்பதே அச்சொல்லின் உயிர்ப்பொருள் என்றார் துய்மோன். இரத்த உறவு தலைமுறை தலைமுறையாக இறங்குவதுபோலவே மணஉறவும் இறங்குகிறது. தந்தைக்குப் பெண் கொடுத்த வீடு மகனுக்கும் கொடுக்கும் வீடு. ஆகவே மச்சான் என்பவன் திருமணத்தால் மச்சான் ஆவதில்லை, பிறக்கும்போதே மச்சான். ராட்கிளிஃப்-பிரவுன் அதே இதழில் மறுத்தெழுதினார். ஆயினும் ஒரு மொய்விருந்தில் பத்து நிமிடம் அமர்ந்தவர்க்குத் துய்மோனின் கூற்று விளங்கிவிடும். காதணிவிழாவிலும் பூப்புநீராட்டிலும் தாய்மாமன் வரிசைத்தட்டுகளோடு ஊர்நடுவே வருவது, கொடுத்த வீடு தன் கடனை மறக்கவில்லை என்று உரக்கச் சொல்வதே அன்றோ.

துய்மோனின் கட்டுமானம் அழகியது. ஆனால் அது பெரிதும் ஆணின் திண்ணையிலிருந்து பார்த்த காட்சி. அத்தை என்னும் சொல்லை ஒரு பெண்ணின் பக்கமிருந்து நோக்கினால் வேறொன்று தெரியும். சிறுமிக்குத் தின்பண்டம் கொண்டுவரும் அத்தை, தந்தையோடு உரிமையாகச் சண்டையிடும் அத்தை, ஒருநாள் மாமியார் ஆகிறாள். முறைச்சொல் மாறாமலே ஆள் மாறிவிடுகிறாள். ஐராவதி கார்வே 1953இல் வெளியிட்ட இந்திய உறவமைப்பு பற்றிய நூலில், வடக்கே பெண் அறியாதார் வீட்டுக்குப் போகிறாள், தெற்கே அறிந்தார் வீட்டுக்குப் போகிறாள் என்று வேறுபாடு காட்டினார். பிறந்த வீட்டை அறவே பிரியும் துயரம் தெற்கே குறைவு என்பது அவர் கருத்து. பெண்ணே எழுதிய இக்கூற்றில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. அறிந்த வீட்டில் அடிபட்டவள் முறையிடப் போகும் இடமும் அதே உறவு வட்டந்தான். அங்கே அழைத்துப் பேச அயலார் எவரும் இல்லை. சொத்து வெளியே போகாதிருக்கவும், விட்டுப்போன உறவு மீளவும், உடன்பிறந்தாளுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறவும் பெண்கள் கொடுக்கப்பட்டனர். மறுத்தவள் ஓர் இளைஞனை மறுத்தவளாகக் கொள்ளப்படவில்லை. அத்தையையும் தந்தையையும் அவர்களுடைய பிள்ளைப் பருவத்தையும் மறுத்தவளாகக் கொள்ளப்பட்டாள்.

உடன்பிறந்தார் இருவரின் பிரிவே இம்முறையின் நடுநாடி என்பதைப் பிரெண்டா பெக் 1974இல் தமிழ் நாட்டார் கதைகளைக் கொண்டு காட்டினார். அண்ணனும் தங்கையும் நடுவே நிற்க, அவள் கணவனும் அவன் மனைவியும் இருபுறம் நிற்பது அக்கதைகளின் கட்டமைப்பு. தாலாட்டுகளே இதற்குப் போதிய சான்று. மாமன் கொண்டுவரும் பொன்னையும் பட்டையும் தொட்டிலருகே இருந்து பாடுபவள் குழந்தைக்காக மட்டும் பாடுவதில்லை. தன்னை மறவாத உடன்பிறந்தானைத் தனக்காகவே பாடிக்கொள்கிறாள். அதே நாவே ஒப்பாரியில் சீர் குறைந்ததைச் சொல்லி அழும். குழந்தைக்கு மாமன் என்ற சொல் முதன்முதல் காதில் விழுவது தாயின் ஏக்கத்தில் தோய்ந்தே. சொல் பொருளைக் கற்பிக்குமுன் உணர்ச்சியைக் கற்பித்துவிடுகிறது. அமைப்பா உணர்ச்சியா என்று அறிஞர் பிரித்துக் கேட்ட வினா ஒரு தொட்டில் கயிற்றின் முன் நிற்காது.

இதனை நூலாக எழுதியவர் மார்கரெட் டிராவிக். திருக்கோவையார் பாடம் கேட்கச் சென்ற அமெரிக்கப் பெண்மணி அவர். பாடம் சொன்ன புலவரின் கூட்டுக்குடும்பமே அவருடைய ஆய்வுப் பொருளாயிற்று. 1990இல் வெளிவந்த அந்நூல் அன்பு என்ற தமிழ்ச் சொல்லை மொழிபெயர்த்துக் கடந்துவிடாமல் நின்று ஆராய்கிறது. தாய் தன் குழந்தைமீதுள்ள அன்பை வெளிக்காட்டாமல் அடக்குவதையும், கடிதலே அன்பாவதையும் அவர் அவ்வீட்டில் கண்டார். முறைமணம் ஏன் நிலைக்கிறது என்பதற்கு அவர் தரும் விடை புதுமையானது. அண்ணன் தங்கை பிரிவால் எழும் ஏக்கத்தை அவர்தம் மக்களின் மணம் தீர்க்கும் என்று நம்பப்படுகிறது. அது ஒருபோதும் முழுதும் தீர்வதில்லை. தீராமையே அடுத்த தலைமுறைக்கு அந்த நம்பிக்கையைக் கடத்துகிறது. இவ்விளக்கம் எல்லாச் சாதிக்கும் எல்லா வீட்டுக்கும் பொருந்துமா என்று ஐயுறலாம். நிலத்தையும் நகையையும் அது குறைத்தே மதிக்கிறது. எனினும் மார்கன் தொடங்கிய வரிசையில், உறவுச் சொல்லைச் சொல்பவரின் குரல் நடுக்கத்தோடு கேட்டவர் இவரே.

வளர்ச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேர்ந்து வளர்ந்தோரிடையே காதல் தோன்றாது என்று வெஸ்டர்மார்க் 1891இல் எழுதினார். ஆர்தர் வுல்ஃப் தைவானில் பல்லாண்டு ஆய்ந்து இதற்கு வலுவான சான்று தேடினார். மருமகளாக்கும் நோக்கோடு கைக்குழந்தைப் பருவத்திலேயே தத்தெடுத்து மகனோடு வளர்க்கப்பட்ட பெண்களின் மணவாழ்வில் பிள்ளைப்பேறு குறைவு, மணமுறிவு மிகுதி. தமிழ் முறைப்பெண் பெரும்பாலும் வேற்றூரில் வளர்ந்து விழாக்களில் மட்டும் காணப்படுபவள். ஆகவே ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. ஆனால் அக்காள் மகளை மணக்கும் வழக்கம் வேறு. திருநெல்வேலிப் பகுதியில் இவ்வழக்கத்தை ஆய்ந்து ஆந்தனி குட் 1991இல் நூல் எழுதினார். இடுப்பில் சுமந்து திரிந்த மாமனையே கணவனாக ஏற்கும் சிறுமியின் மனம் எவ்வாறு அவ்விரு நிலைக்குமிடையே கடந்தது என்பதைச் சட்டமோ சடங்கோ கேட்டதில்லை.

சட்டம் கேட்டது வேறொன்று. மாமன் மகள், அத்தை மகள் மணத்தைத் தென்னாட்டார்க்கே உரிய வழக்கங்களுள் ஒன்றாகப் போதாயன தருமசூத்திரம் பட்டியலிட்டது. அருச்சுனன் மாமன் மகள் சுபத்திரையை மணந்ததை எவ்வாறு விளக்குவது என்று குமாரிலர் இடர்ப்பட்டார். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் மாமன்–மருமகள் மணத்தையும், உடன்பிறந்தார் மக்களுக்கிடையேயான மணம் எல்லாவற்றையும் விலக்கப்பட்டவையாக ஒரே வரிசையில் வைத்து, வழக்காறு இடந்தந்தால் ஆகலாம் என்று வாயில் திறந்துவிட்டது. அண்ணன் தம்பி மக்கள் வேறு, அண்ணன் தங்கை மக்கள் வேறு என்று தமிழ் இட்ட கோட்டைச் சட்டத்தின் மொழி காணவில்லை. வழக்காறு என்ற ஒற்றைச் சொல்லில் அதனை மூடி வைத்தது.

இவ்வளவுக்கும் நடுவே குறுந்தொகையில் செம்புலப் பெயல்நீரார் பாடலை நினையாதிருக்க முடியாது. அங்கே தலைவன் எழுப்புவது உறவுமுறை வினாவே. இருவர் தாயரும் ஒருவருக்கொருவர் யார், இருவர் தந்தையரும் எம்முறையில் உறவினர் என்கிறான். விடை: எம்முறையும் இல்லை. யாய், ஞாய், தாய். எந்தை, நுந்தை, தந்தை என்று யாருக்குரியவர் என்பதைச் சொல்லுக்குள்ளேயே பொதிந்து வைத்த மொழியில், அச்சொற்களையே எடுத்து, முறைக்கு அப்பாற்பட்ட காதலைப் பாடினார் ஒருவர். துய்மோனின் கொள்கையில் அத்தலைவனுக்கு இடமில்லை. பிறப்பிலேயே மச்சானாக அமையாத ஒருவன் அவன்.

இசபெல் கிளார்க்-தெசே 2014இல் வெளியிட்ட நூல், தமிழகத்தில் முறைமணம் குறைந்துவருவதைப் பதிவு செய்கிறது. கல்வியும் வேலையும் தேடிச் சென்ற இளையோர் அதனை விரும்பவில்லை; பிறக்கும் குழந்தைக்கு நோய் வரலாம் என்ற மருத்துவ அறிவுரையும் அவர்களுக்குத் துணையாயிற்று. குறைவது மணம் மட்டுமன்று. நகர வீடுகளில் மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஒருங்கே ‘கசின்’ ஆகிவிட்டனர். மாமாவும் சித்தப்பாவும் ‘அங்கிள்’ ஆயினர். மார்கன் கண்டு வியந்த பிரிவு, அவர் தாய்மொழியின் சொற்களாலேயே அழிகிறது. இதற்காக வருந்துவோர் உளர். முறைப்பெண் என்ற சொல்லோடு அதன் உரிமைகோரலும் போவதாயின், வருந்தாதோரும் உளர். அவர்களுள் பெண்கள் மிகுதி. யாழ்ப்பாணத்து மச்சாளும் தென்பாண்டி மதினியும் அகராதியில் மட்டும் தங்கிவிடுவார்களோ என்பது கவிஞர்களின் கவலை. அவ்வுறவுகளை ஏற்றவர்களின் கவலை அதுவன்று.

தாய்மாமன் மட்டும் இன்னும் போகவில்லை. தங்கை காதல்மணம் புரிந்து, முறை எல்லாம் அறுந்துபோன வீடுகளிலும், குழந்தைக்குக் காது குத்தும் நாளில் அவனைத் தேடி ஆள் போகிறது. கோவில் மண்டபத்தில் அவன் சம்மணமிட்டு அமர்கிறான். குழந்தையை மடியில் வைத்து இரு கைகளாலும் தலையை இறுகப் பற்றிக்கொள்கிறான். ஊசி ஏறுகிறது. வலி தாங்காமல் குழந்தை அவன் மார்பிலேயே முகம் புதைத்து அழுகிறது.